ஏழு நிமிடம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, காது மட்டும் இன்னும் கொஞ்சம் பின்வாங்கிவிட்டது. இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதில் தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்கிறது. அதுவும் காதில் கேட்கிறதா காலில் தெரிகிறதா என்று சந்தேகம். அதனால் போன் செய்யாதே. உன் மாமா எடுத்துக் கேட்டு எனக்குச் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. நீ காகிதத்தில் எழுது. உன் மனைவியின் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று?

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டோம்! ஒன்றாம் தேதி தீர்ப்பு. வீட்டுச் சொந்தக்காரர் பெரியவர் இருந்தவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடியதும் மகன் வந்து மூன்று மாதத்தில் காலி செய் என்றானே, அது செல்லாது என்று எழுதிவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக முன்னறையில் தைக்கிறேன், பின்னறையில் சமைக்கிறேன். கட்டிங் மேசையை ஆசாரி அந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தார். அது வாசல் வழியாக வெளியே வராது. காலி செய் என்றால் மேசையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும், மேசை இல்லாமல் நான் எங்கே போய் என்ன செய்வேன்?

அவர்கள் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறதாம். அதற்குள் செய்யாவிட்டால் வீடு நமக்குத்தான். காலண்டரில் மார்ச் மூன்றாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். மேல்முறையீடு எல்லாம் உன் கோர்ட் ஆபீஸ் வழியாகத்தான் வரும் என்று வக்கீல் சொன்னார். என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லலாமா?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. வீட்டில் இத்தனை தூசி இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்று எனக்கு ஓயாமல் வேலை வைக்கிறாள்.

கடிதத்தைப் படித்ததும் ஆபீசிலேயே எழுந்து நின்றுவிட்டேன். ரொம்ப சந்தோஷம் அக்கா.

வக்கீலிடம் என்னைப் பற்றிச் சொல்லவேண்டாம். சொன்னாலும் பயன் இல்லை. மனுக்களை வாங்கும் கவுன்டரில் பதினான்கு வருடமாக உட்காருகிறேன், ஒரு மனுவில்கூடப் பெயரைப் படித்ததில்லை. பக்கங்களை எண்ணுவேன், கையெழுத்து இருக்கிறதா பார்ப்பேன், தலைக்கு மேல் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை முத்திரையில் திருப்பிக் குத்துவேன். அந்தக் கடிகாரத்தில் ஐந்து ஆனால் ஷட்டரை இறக்கிவிடுவோம். பிறகு யார் வந்தாலும் மறுநாள் தேதிதான். பெயரைப் படித்தால் முகம் ஞாபகம் வரும், முகம் ஞாபகம் வந்தால் கை தயங்கும் என்று முதல் வாரமே முடிவு செய்துகொண்டேன். உன் வீட்டுச் சொந்தக்காரர் மகனே வந்து நின்றாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆனால் ஒன்று. வெளியூர்ப் பஸ் இங்கே சரியாக ஐந்துக்குத்தான் வந்து நிற்கும். அதில் இறங்கி மூச்சிரைக்க ஓடிவருபவர்கள் யாரும் ஒன்பது வருடமாக என் கவுன்டரிலிருந்து ஏமாந்து திரும்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தான். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மேல்முறையீடு போட்டுவிட்டார்கள். என்றைக்கு? மூன்றாம் தேதி. கடைசி நாள். முத்திரையில் 4.57 என்று இருக்கிறது. இப்போது வேடிக்கையைக் கேள். நம் வக்கீல் அன்றைக்கு வேறு வேலையாக அங்கே வந்து, உங்கள் ஆபீசுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா ஐந்து மணிப் பஸ்ஸிலிருந்து குதித்து, காகிதக் கட்டை அவிழவிட்டபடி படியேறி ஓடினானாம். இவர் உடனே போனைப் பார்த்தாராம். ஐந்து நாலு! ஐந்து நாலுக்குப் படியேறியவனுக்கு 4.57 என்று எப்படிக் குத்த முடியும்? ஒரு நிமிடம் தாண்டினாலும் மேல்முறையீடு கிடையாது என்று சட்டமே சொல்கிறதாம்.

உள்ளே எவனோ வாங்கித் தின்றிருக்கிறான். அன்று கவுன்டரில் உட்கார்ந்தது யார் என்று விசாரித்து எழுது. உன் கூட வேலை செய்பவன் என்று தயங்காதே.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. தலையணை இல்லாமல் தரையில் படுக்கச் சொன்னார் டாக்டர். அவளோ பலகையில் படு என்கிறாள். இரண்டையும் செய்து பார்த்தேன். பிறகு ஒரு தைலம் கொடுத்தார்கள், அது முதுகைவிட மூக்கைத்தான் அதிகம் சோதித்தது. மாடிக் குழாயில் வேறு தண்ணீர் கசிந்து ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தவர் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்துவிட்டுப் போனார்.

நீ கேட்டிருந்த விஷயம். கவுன்டரில் மூன்று பேர் முறை வைத்து உட்காருகிறோம். யாரும் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, அது நிச்சயம்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உன்
தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ முதுகுக்கு அரைப் பக்கமும் குழாய்க்குக் கால் பக்கமும் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாயே, அதே மாதிரி.

நேரம் சரியா என்று விசாரிக்கச் சொல்லி வக்கீல் மனு கொடுத்திருக்கிறார். மேல்முறையீட்டு மனுவின் முதல் பக்க நகல் நேற்று கைக்கு வந்தது. முத்திரைக்குக் கீழே வாங்கியவரின் சுருக்கக் கையெழுத்து இருக்கிறது. கடைசியில் ஒரு வால், வாத்து நீந்துவதுபோல. அதே வால் உன் கடிதத்தின் அடியிலும் இருக்கிறது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு ரவிக்கையைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

சொல்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நான்தான். பணம் வாங்கவில்லை. பெயரைப் படிக்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஐந்து இரண்டுக்கு வந்தார். ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். "சார், பஸ்ஸே இப்பதான் சார் வந்துச்சு" என்றார். "நாளைக்கு வாங்க" என்றேன். நாளைக்கு வந்து பயனில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் மனு. என்னைப் பார்த்து வணக்கம் வேறு சொன்னார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன் அக்கா.

அடுத்த திங்கட்கிழமை நாற்காலியில் ஏறி, தூசி தட்டுகிற சாக்கில் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னால் தள்ளினேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் படியேறி வர அவ்வளவு போதும். அன்றிலிருந்து அது அப்படியேதான் ஓடுகிறது. எல்லோரிடமும் போன் இருக்கிறது, ஆனால் ஆபீஸ் கடிகாரம் மெதுவாகப் போவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. காலையில் ஏழு நிமிடம் தாமதமாகத் திறப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. நீங்கள் யார், என்ன என்று யாரையும் கேட்டதில்லை. ஏழு நிமிடம் எல்லோருக்கும் இருந்தது. அன்று அது உன் வீட்டுக்காரர் மகனுக்கும் கிடைத்துவிட்டது.

எங்கள் பிரிவு அதிகாரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். என்மேல் பிரியம் உள்ளவர். "யோவ், அக்கா வீடுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? இந்த ஒரு மனுவுல மட்டும் நேரம் தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. கடிகாரத்தை நான் பாத்துக்கறேன், நீ வாயைத் திறக்காதே" என்றார். அப்படி எழுதினால் அந்த மேல்முறையீடு தள்ளுபடியாகும். எனக்கும் ஒன்றும் ஆகாது.

யோசிக்க நாள் கேட்டிருக்கிறேன். நீ சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறாய்?

தம்பி


ஏப்ரல் 25

என் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. முதுகுக்குப் பலகைதான் நல்லது, உன் மனைவி சொல்வதைக் கேள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வரியை எழுதிக் கொடு. பொய்யா எழுதச் சொல்கிறார் உன் அதிகாரி? அவன் ஐந்து நாலுக்கு வந்தான், அது நிஜம். முத்திரை தப்பு, அதுவும் நிஜம். நிஜத்தை எழுத நாள் எதற்கு?

நீ கெட்டவன் இல்லை. அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒன்பது வருடமாக ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறாய். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி கொடுக்கமாட்டாயா? அப்பா போன பிறகு உன்னைப் படிக்க அனுப்பியது இந்த மேசைதான். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

உன் அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்கவேண்டும். விசாரணை முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்பதை வேறு யார் வழியாகவும் நீ கேட்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தபிறகு அன்றைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்தக் குமாஸ்தாவுக்குப் பின்னால் இன்னொரு அம்மாள் வந்திருக்கிறார், 4.59. நிஜத்தில் ஐந்து ஆறு. குமாஸ்தாவுக்கு மட்டும் நேரம் தப்பு என்றால், அந்த அம்மாளுக்கு எப்படிச் சரியாகும்? உன் எதிரி என்பதற்காக ஒருவனுக்கு ஒரு கடிகாரம், மற்றவர்களுக்கு ஒரு கடிகாரம் என்று என் கையால் எழுத வரவில்லை. பதிவாளர் முன்னால் ஒன்பது வருடக் கதையையும் சொன்னேன். பிரிவு அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

பதிவாளர் ஒரு பக்கம்தான் எழுதினார். மக்கள் கோர்ட்டு மாட்டிய கடிகாரத்தை நம்பி வந்தார்கள், கோர்ட்டின் தவறுக்கு அவர்களைத் தண்டிக்க முடியாது, அதனால் ஒன்பது வருடத்து மனுக்களும் செல்லும். எல்லாம் செல்லும் என்றால் உன் வீட்டுக்காரர் மகனுடையதும் செல்லும். மேல்முறையீட்டை விசாரிப்பார்கள்.

என்னை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி பதவி உயர்வு கிடையாது. கவுன்டரில் தானாகவே நேரம் பார்த்துக்கொள்ளும் புதுக் கடிகாரம் வந்திருக்கிறது. அதுவே சீட்டு அடித்துத் தருகிறது, கையால் தள்ள முடியாது.

நான் செய்தது உனக்குத் துரோகமாகத் தெரியும். திட்டியாவது எழுது.

உன்
தம்பி


செப்டம்பர் 3

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நலம். உன்னுடைய ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கடிதங்கள் வந்தன. பிரிக்கப்படாமல் மிஷின் டிராயரில் நூற்கண்டுகளுக்கு அடியில் இருக்கின்றன. தூக்கிப் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு எதிராக வந்தது. அக்டோபர் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். இன்னும் ஒரு படி மேலே போகலாமாம், முப்பது நாளுக்குள். அதுவும் உன் பழைய கவுன்டரில்தான் கொடுக்கவேண்டுமாம். தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

உன் அக்கா யாரிடமும் கோபப்படுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதில் போடாதே.

மாமா


அக்டோபர் 5

தம்பிக்கு,

அக்கா. உயிரோடுதான் இருக்கிறேன். உன் கடிதங்களை நேற்று பிரித்துப் படித்தேன். உன் மாமா எழுதியதும் தெரியும். தபால்காரர் வந்தாரா என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

செப்டம்பர் 27 கடைசி நாள். தீர்ப்பு நகல் அன்று பகல் பன்னிரண்டுக்குத்தான் கிடைத்தது. வக்கீலுக்கு வேறு ஊரில் கேஸ். முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த மனுவோடு நகலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். எந்தப் பஸ் கிடைத்தது என்று நினைக்கிறாய்? உன் ஐந்து மணிப் பஸ்தான். இந்த வயதில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். உள்ளே போனபோது புதுக் கடிகாரத்தில் சிவப்பு எழுத்தில் 5.02. ஷட்டர் கீழே கிடந்தது. மற்றவர்களுக்கு அது விழும் சத்தமாவது கேட்டிருக்கும்.

எனக்குப் பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். பட்டறை வேலைக்காரர்போல, கையில் தீப்பொறிப் புள்ளிகள், சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அவரும் கடைசி நாள்.

பக்கத்து ஜன்னல் திறந்தது. உன் இடத்தில் இப்போது உட்காரும் பெண். என் முகத்தையே பார்த்தாள். அவள் பேசியதை உதட்டில் படித்தேன். "நீங்க சாரோட அக்காதானே? அதே மூக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள்போலிருக்கிறது, உதடு சின்னதாயிற்று. "கவலைப்படாதீங்கம்மா. ஐஞ்சு மணிக்கு முன்னாடியே மிஷின்ல ஒரு சீட்டு அடிச்சு வச்சிடுவேன், நம்ம ஆளுங்க யாராவது லேட்டா வந்தா உதவும்னு. 4.58. குடுங்க."

நான் கொடுத்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன், கட்டை ஜன்னலுக்குள் நீட்டிவிட்டேன். அவளும் சீட்டை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்த மனிதர் தன்னுடையதையும் நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். "இவரு?" என்று கேட்டேன். "அவரு யாருன்னே தெரியாதேம்மா. சீட்டு ஒண்ணுதான் இருக்கு."

உன் கவுன்டராக இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேர் மனுவையும் யார் என்று பார்க்காமல் வாங்கியிருப்பாய். அதற்கு முன்னால் என் எதிரியுடையதையும் அப்படித்தான் வாங்கினாய். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அதுவும் அரைகுறையாக. கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். இரண்டு தரம் கேட்டாள், நிஜமாகவா என்று. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

படியில் உட்கார்ந்தோம், நானும் அவரும். அது மூன்றாவது படியா என்று எண்ணவில்லை. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், தலையைக் குனிந்து பேசியதால் படிக்க முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் பர்சிலிருந்து ஊசியை எடுத்து அவர் சட்டைக்கு ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்தேன். கருப்புச் சட்டைக்கு வெள்ளைப் பொத்தான், அதுதான் இருந்தது.

செய்தது சரியா என்று கேட்டால் தெரியாது. அந்தச் சீட்டை வாங்கியிருந்தால் ஒருவேளை இந்த அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன் அடுத்த வருடமும். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்திலிருந்தவர் எனக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தார். உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி இருக்கிறது. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்திருக்கிறோம். மிஷின்கள் மூன்றும் போய்விட்டன. மேசை மட்டும் நிற்கிறது. வாசல் வழியாக வராது என்று சொன்னேனே, நடுவில் அறுத்து அங்கே போய் இணைக்கலாம் என்கிறார் ஆசாரி. அறுக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும். உன் மாமா பிடித்தால் கோணலாகிவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு வா. எட்டு ஏழு வரைக்கும் வாசலில் நின்று பார்ப்பேன். அதற்கு மேல் நானே அறுக்க ஆரம்பித்துவிடுவேன்.

உன்
அக்கா